மைக்ரோசிஸ்டின்: ரைபோசோம் இல்லாமல் கோக்கப்படும் நச்சு

2014 ஆகஸ்ட் 2 அன்று அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில், டொலீடோ நகர மக்களுக்கு ஓர் அறிவிப்பு போனது. குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், கொதிக்கவைத்தும் குடிக்காதீர்கள். ஈரி ஏரியில் பச்சைப் பெயிண்டைக் கொட்டியதுபோல் படர்ந்திருந்த மைக்ரோசிஸ்டிஸ் என்ற சயனோபாக்டீரியாவின் (நீலப்பச்சைப் பாசியின்) நச்சு, சுத்திகரிப்பு நிலையத்தையும் தாண்டி வந்துவிட்டது. 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஏறத்தாழ மூன்று நாள் பாட்டில் தண்ணீரை நம்பி இருந்தார்கள்.

காலராக் கிருமி என்றால் கொதிக்கும் தண்ணீரில் செத்துவிடும். இங்கே சாவதற்கு எதுவும் இல்லை. மைக்ரோசிஸ்டின் என்பது ஏழு அமினோ அமிலங்களை மாலைபோல் கோத்து, இரு முனைகளையும் முடிச்சுப் போட்ட ஒரு மூலக்கூறு. கொதித்தால் தண்ணீர்தான் ஆவியாகிக் குறையும், நச்சு அப்படியே தங்கிச் செறிவு கூடும். நம் குடலில் சுரக்கும் புரதச் சிதைப்பு நொதிகளாலும் அதை வெட்ட முடிவதில்லை. இந்த உறுதி எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அது செய்யப்படும் விதத்திலிருந்துதான்.

முதலில் மாலையின் மணிகளைப் பார்த்துவிடுவோம். அதிகம் பேசப்படும் வகை மைக்ரோசிஸ்டின்-எல்ஆர் (பெயரிலுள்ள எல் லூசினையும் ஆர் ஆர்ஜினினையும் குறிக்கும்). கோக்கப்படும் வரிசையில் சொன்னால்: அட்டா, குளுட்டமேட், மெத்தில்-டீஹைட்ரோ-அலனின், அலனின், லூசின், மெத்தில்-அஸ்பார்ட்டேட், ஆர்ஜினின். இதில் லூசினும் ஆர்ஜினினும் மட்டுமே நம் உடல் புரதங்களில் உள்ள சாதாரண எல் வடிவ அமினோ அமிலங்கள். குளுட்டமேட், அலனின், மெத்தில்-அஸ்பார்ட்டேட் மூன்றும் டி வடிவம், அதாவது கண்ணாடியில் தெரியும் எதிர் உருவம். குளுட்டமேட்டும் மெத்தில்-அஸ்பார்ட்டேட்டும் வழக்கமான கார்பாக்சில் முனையால் இணையாமல், பக்கக் கிளையில் உள்ள கார்பாக்சிலால் இணைகின்றன. அட்டாவோ இந்த நச்சுக் குடும்பத்துக்கு வெளியே காண்பதற்கரிய ஒன்று. பத்து கார்பன் முதுகெலும்பு, இரண்டு இரட்டைப் பிணைப்புகள், நுனியில் ஒரு பென்சீன் வளையம். நம் பெப்டிடேஸ் நொதிகள் எல் வடிவத்தையும் சாதாரணப் பிணைப்பையும் தேடிப் பழகியவை. அவை கவ்வுவதற்கு இந்த வளையத்தில் இடமே இல்லை.

செல்லில் புரதம் கோக்கும் வழக்கமான இயந்திரமான ரைபோசோமால் இப்படி ஒன்றைச் செய்ய முடியாது. மரபுக் குறியீட்டில் அட்டாவுக்குக் குறியீடு கிடையாது, டி-அலனினுக்கும் கிடையாது. ஆகவே தூதுவர் ஆர்என்ஏ இல்லாத வேறொரு வழி வேண்டும். பெப்டைடை, அதாவது சிறிய அமினோ அமிலச் சங்கிலியை, புரதமே வார்ப்பாக நின்று கட்டக்கூடும் என்பது கிராமிசிடின்-எஸ் என்ற நுண்ணுயிர்க்கொல்லியை ஆராய்ந்தபோது ஃபிரிட்ஸ் லிப்மன் போன்றவர்கள் கண்டது. பெனிசிலின், வான்கோமைசின், சைக்ளோஸ்போரின் எல்லாம் இந்த வழியில்தான் பிறக்கின்றன. மருந்துக்கும் நச்சுக்கும் பட்டறை ஒன்றே.

மைக்ரோசிஸ்டின் அப்படித்தான் உருவாகிறது என்பதற்கு உறுதியான சான்று 1997-இல் வந்தது. மைக்ரோசிஸ்டிஸ் ஏருஜினோசா பிசிசி 7806 என்ற விகாரத்தில் (ஒரே இனத்துக்குள் ஒரு தனி வகையில்) பெப்டைடு சிந்தடேஸ் மரபணு ஒன்றை உடைத்தார்கள். அந்தச் செல்களில் மைக்ரோசிஸ்டின் வகைகள் அனைத்தும் ஒரேயடியாகக் காணாமல் போயின. 2000-இல் முழு மரபணுக் கொத்தும் படித்து முடிக்கப்பட்டது. 55 ஆயிரம் காரங்கள் (டிஎன்ஏவின் எழுத்துகள்) நீளம், ஏ முதல் ஜே வரை 10 மரபணுக்கள். கொத்துக்கு எம்சிஒய் என்று பெயர். நடுவில் ஒரு புரமோட்டர், அதாவது மரபணுக்களைப் படிக்கத் தொடங்கும் இடம். அதிலிருந்து ஒரு பக்கம் ஏ, பி, சி, மறுபக்கம் டி முதல் ஜே வரை. மொத்தம் 48 வினைகள் தேவை என்று கணக்கிட்டார்கள். அதில் 45-ஐ ஏ, பி, சி, டி, ஈ, ஜி ஆகிய ஆறு ராட்சத நொதிகளே செய்கின்றன. 995 டால்டன் எடையுள்ள ஒரு சின்ன மூலக்கூறுக்காக 10 லட்சம் டால்டனுக்கும் மேற்பட்ட புரதத்தைச் செல் சுமக்கிறது.

ஒரு மணி கோக்கப்படும் விதம்

ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் நொதியில் ஒரு தனிப் பகுதி உண்டு, அதை மாட்யூல் என்கிறோம். ஒரு மாட்யூலுக்குள் குறைந்தது மூன்று டொமைன்கள், அதாவது தனித்தனி வேலை செய்யும் துண்டுகள்.

அடினிலேஷன் டொமைன் ஆள் தேர்வு செய்யும் இடம். அதன் குழிவில் ஏறத்தாழ பத்து அமினோ அமிலங்கள் சேர்ந்து பூட்டுப்போல் அமைகின்றன. எந்தச் சாவி பொருந்தும் என்பதை அந்தப் பத்தையும் படித்தே ஊகிக்கலாம் என்று 1999-இல் காட்டினார்கள். பொருந்தும் அமினோ அமிலம் வந்ததும் செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி ஒன்று செலவாகும். அதன் ஒரு பகுதியான ஏஎம்பி அமினோ அமிலத்தின் தலையில் ஏறும், மீதியான பைரோபாஸ்பேட் வெளியேறும். மெக்னீசியம் அயனி இல்லாமல் இது நடக்காது.

அடுத்தது சுமக்கும் டொமைன். இது சிறியது, சுமார் 80 முதல் 100 அமினோ அமிலங்கள். இதில் உள்ள ஒரு செரினில் பாஸ்போபான்டெத்தீன் என்ற நீண்ட கை பொருத்தப்பட்டிருக்கும். தூண்டில் கம்பு என்றே வைத்துக்கொள்ளலாம். நீளம் ஏறத்தாழ 20 ஆங்ஸ்ட்ராம், முனையில் கொக்கியாக ஒரு கந்தக அணு. ஏஎம்பி ஏறிய அமினோ அமிலத்தை இந்தக் கந்தகம் தாக்கித் தயோஎஸ்டராகப் பிடித்துக்கொள்ளும். இந்தப் பிணைப்பு சாதாரண எஸ்டரைவிட எளிதில் வினைபுரியக்கூடியது. அடுத்த வினைக்கான ஆற்றல் அதில்தான் சேமிப்பாக இருக்கிறது.

மூன்றாவது கண்டென்சேஷன் டொமைன். முந்தைய மாட்யூலின் தூண்டிலில் தொங்கும் சங்கிலியும் இந்த மாட்யூலின் தூண்டிலில் தொங்கும் புதிய அமினோ அமிலமும் இதன் இரு வாசல்கள் வழியாக உள்ளே வரும். புதியவரின் அமினோ முனை பழைய சங்கிலியின் தயோஎஸ்டரைத் தாக்கும். பெப்டைடு பிணைப்பு உருவாகி, முழுச் சங்கிலியும் புதிய தூண்டிலுக்கு மாறிவிடும். ஆக, சங்கிலி எப்போதும் முன்னோக்கித்தான் கைமாறும்.

தூண்டில் கம்பு நொதியோடு பிறப்பதில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பாஸ்போபான்டெத்தீனைல் டிரான்ஸ்ஃபரேஸ் என்ற தனி நொதி வந்து அதைப் பொருத்த வேண்டும். தனி டொமைன்களை ஈ.கோலை பாக்டீரியாவில் உற்பத்தி செய்து சோதிப்பவர்கள் பலமுறை தடுக்கி விழும் இடம் இது. புரதம் நன்றாக வந்திருக்கும், ஜெல்லில் பட்டை தெளிவாகத் தெரியும், அமினோ அமிலம் மட்டும் ஏறவே ஏறாது. ஈ.கோலையின் சொந்த டிரான்ஸ்ஃபரேஸ் வெளியிலிருந்து வந்த சுமக்கும் டொமைன்களைப் பல சமயம் கண்டுகொள்வதில்லை. பேசில்லஸ் சப்டிலிஸின் எஸ்எஃப்பி என்ற தாராளமான நொதியைச் சேர்த்தால் பிரச்சினை பெரும்பாலும் தீரும். அடினிலேஷன் டொமைனை மட்டும் சோதிக்கத் தூண்டிலே தேவையில்லை. ஏடிபி–பைரோபாஸ்பேட் பரிமாற்றச் சோதனை போதும்.

அட்டாவிலிருந்து ஆர்ஜினின் வரை

தொடங்குவது எம்சிஒய்-ஜி. மரபணுக்கள் அகரவரிசையில் இருந்தாலும் வேலை அந்த வரிசையில் நடப்பதில்லை: ஜி, டி, ஈ, ஏ, பி, சி என்பதே ஓட்டம். ஜி-யின் முதல் பகுதி பென்சீன் வளையமுள்ள தொடக்கப் பொருளை ஏற்றுகிறது. பல ஆண்டுகள் அது ஃபீனைல்அசிட்டேட் என்றே எழுதிவந்தார்கள், ஏனென்றால் அட்டாவின் கார்பன் கணக்குக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. 2006-இல் நொதியிலேயே ஏற்றி, மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் நிறைமாலைமானியில் பார்த்தபோது ஃபீனைல்அசிட்டேட் ஏறவில்லை. ஒரு கார்பன் கூடுதலாக உள்ள ஃபீனைல்புரோபனாய்டுகளே விரும்பி ஏறின. அப்படியென்றால் வழியில் ஒரு கார்பன் கழன்றாக வேண்டும். காகிதத்தில் சரியாக வரும் கணக்கை நொதியின் விருப்பமென்று எழுதிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

அட்டாவின் முதுகெலும்பு அமினோ அமிலத்தால் ஆனதல்ல. கொழுப்பு அமிலம் கட்டுவதுபோல் பாலிகீடைடு முறையில் கட்டப்படுகிறது. ஜி ஒருமுறை, டி இருமுறை, ஈ ஒருமுறை என மொத்தம் நான்கு மலோனைல்-கோஏ (சங்கிலியை நீட்டும் மூலப்பொருள்) சேர்கின்றன. ஒவ்வொன்றும் கார்பன் டைஆக்சைடை விட்டு இரண்டு கார்பன் நீட்டும். எங்கே மெத்தில் வர வேண்டும், எங்கே இரட்டைப் பிணைப்பு வர வேண்டும் என்பதை அந்தந்த மாட்யூலில் எந்த டொமைன் இருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது. ஜி-யில் மெத்திலேற்றும் டொமைனும் கீட்டோனைக் குறைக்கும் டொமைனும் உண்டு. ஆகவே 8-ஆம் கார்பனில் மெத்தில், 9-ஆம் கார்பனில் ஹைட்ராக்சில். அந்த ஹைட்ராக்சிலைத் தனி நொதியான எம்சிஒய்-ஜே மெத்தாக்சியாக மாற்றும். டி-யின் இரு மாட்யூல்களிலும் நீர் நீக்கும் டொமைன் கூடுதலாக இருப்பதால் அடுத்தடுத்து இரண்டு இரட்டைப் பிணைப்புகள். மெத்திலேற்றும் டொமைன் முதல் மாட்யூலில் மட்டும் இருப்பதால் 6-ஆம் கார்பனில் மெத்தில், 4-ஆம் கார்பனில் இல்லை. மூலக்கூறின் படத்தையும் டொமைன் வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒன்றை வைத்து மற்றதை எழுதிவிடலாம்.

இரண்டு முறைகளும் சந்திக்கும் நொதி எம்சிஒய்-ஈ. அதன் முன்பாதி பாலிகீடைடு, பின்பாதி பெப்டைடு. இரண்டுக்கும் நடுவில் ஓர் அமினோடிரான்ஸ்ஃபரேஸ் டொமைன். 3-ஆம் கார்பனில் நிற்கும் கீட்டோனை அது அமீனாக்கும். அந்த நொடியில்தான் ஒரு கொழுப்புச் சங்கிலி அமினோ அமிலமாகிறது. இந்த அமீனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி முடிச்சு இதில்தான் விழும்.

ஈ-யின் பின்பாதி டி-குளுட்டமேட்டைச் சேர்க்கிறது. இங்கே உருவம் மாற்றும் எபிமரேஸ் டொமைன் இல்லை. டி வடிவம் தயாராகவே வர வேண்டும். பாக்டீரியாவின் செல் சுவருக்கே டி-குளுட்டமேட் தேவை என்பதால் இருப்பு எப்போதும் உண்டு. மெத்தில்-அஸ்பார்ட்டேட்டும் இப்படி வெளியிலிருந்தே வரவேண்டியது. எம்சிஒய்-எஃப், வரிசை ஒப்பீட்டில் குளுட்டமேட் ரேசமேஸ்போல், அதாவது குளுட்டமேட்டின் எல், டி வடிவங்களை மாற்றும் நொதிபோல், தெரிந்தது. ஆனால் 2003-இல் தூய்மைப்படுத்திச் சோதித்தபோது அது அஸ்பார்ட்டேட்டையே மாற்றிக் காட்டியது.

எம்சிஒய்-ஏ-யின் முதல் மாட்யூல் செரினைப் பிடிக்கிறது. தூண்டிலில் தொங்கும்போதே நைட்ரஜனில் ஒரு மெத்தில் ஏறும். பிறகு ஒரு நீர் மூலக்கூறு நீங்கி இரட்டைப் பிணைப்பு வரும், அதுவே மெத்தில்-டீஹைட்ரோ-அலனின். இரண்டாம் மாட்யூல் எல்-அலனினை ஏற்றி, சங்கிலியில் இணைத்து, முடிவிலுள்ள எபிமரேஸ் டொமைனால் டி வடிவமாக்கும். பி-யில் லூசினும் மெத்தில்-அஸ்பார்ட்டேட்டும், சி-யில் ஆர்ஜினின். சி-யின் வாலில் தயோஎஸ்டரேஸ் டொமைன். முழுச் சங்கிலியைத் தன் செரினுக்கு மாற்றிக்கொண்டு, தொடக்கத்தில் அட்டாவில் வந்த அந்த அமீனை ஆர்ஜினினின் கார்பாக்சிலோடு சேர்த்து முடிச்சிடும். வளையம் விடுபடும்.

பிசகுகள் சொல்லும் சேதி

மைக்ரோசிஸ்டினில் இதுவரை 250-க்கும் மேற்பட்ட வகைகள் பதிவாகியுள்ளன. ஒவ்வொன்றும் நொதியின் எங்கோ ஓரிடத்தில் நடந்த மாற்றத்தின் தடம் என்பதே என் வாசிப்பு. ஆகவே நிறைமாலைமானியில் வரும் எண்களை நச்சின் பெயர்ப்பலகையாக மட்டும் பார்ப்பது வீண்.

எல்ஆர் வகை ஒரு புரோட்டான் ஏற்று 995.6-இல் தெரியும். லூசின் இடத்தில் டைரோசின் ஏறினால் 1045.5. ஆர்ஜினின் ஏறினால் ஆர்ஆர் வகை. கருவி நிறையை மின்னூட்டத்தால் வகுத்தே காட்டும்; ஆர்ஆர் இரண்டு புரோட்டான்களை ஏற்பதால் 519.8-இல் தேட வேண்டும், 1038-இல் மட்டும் பார்த்தால் தவறிப்போகும். இந்த மூன்றும் எம்சிஒய்-பி-யின் முதல் அடினிலேஷன் டொமைனைப் பற்றிச் சொல்கின்றன. சில விகாரங்களில் அந்தப் பூட்டு தளர்வானது, ஒன்றுக்கு மேற்பட்ட சாவிகளை ஏற்கும். வேறு சிலவற்றில் சி-யின் ஆர்ஜினின் டொமைன் துண்டு மரபணு மறுசேர்க்கையால் பி-க்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. அங்கே ஆர்ஆர் மேலோங்கும். நைட்ரஜன் தாராளமாக உள்ள நீரில் ஆர்ஜினின் மிகுந்த வகைகளின் பங்கு கூடுவதை வளர்ப்புச் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். தளர்ந்த பூட்டு இருக்கும்போது, எந்தச் சாவி அதிகம் கிடைக்கிறது என்பதும் முடிவை மாற்றும்.

பலரும் குழம்புவது 981.5-இல். 14 குறைவு என்றால் ஒரு மெத்தில் இல்லை, எந்த மெத்தில்? மெத்தில்-அஸ்பார்ட்டேட்டுக்குப் பதில் வெறும் அஸ்பார்ட்டேட் ஏறியிருக்கலாம், அல்லது எம்சிஒய்-ஏ-யின் நைட்ரஜன் மெத்திலேற்றும் டொமைன் செயலற்றுப்போயிருக்கலாம். மொத்த நிறை இரண்டுக்கும் ஒன்றே. கருவிக்குள் மூலக்கூறு உடைந்து வரும் துண்டுகளைப் பாருங்கள். 155-உம் 213-உம் இருந்தால் டீஹைட்ரோ-அலனினின் மெத்தில் பத்திரமாக இருக்கிறது, குறை அஸ்பார்ட்டேட்டில். அவை 141, 199 என இறங்கியிருந்தால் குறை ஏ-யில். இரண்டிலும் 135-இல் அட்டாவின் துண்டு தெரிய வேண்டும். அது இல்லையென்றால் நீங்கள் பார்ப்பது மைக்ரோசிஸ்டினா என்றே சந்தேகப்படுங்கள்.

மரபணுச் சோதனையில் இன்னொரு பொறி. எம்சிஒய்-ஈ-யின் அமினோடிரான்ஸ்ஃபரேஸ் பகுதி பல பேரினங்களிலும் ஒத்திருப்பதால், டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் சோதனையில் ஹெப்-எஃப், ஹெப்-ஆர் என்ற பிரைமர் ஜோடி (தேடும் இடத்தில் ஒட்டும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) 472 கார நீளத் துண்டைப் பெருக்கித் தரும். மைக்ரோசிஸ்டிஸ், அனபீனா, பிளாங்டோத்ரிக்ஸ், நோடுலாரியா எல்லாவற்றுக்கும் இது உதவும். ஆனால் பட்டை வந்தால் நச்சு உண்டு என்று எழுதிவிடாதீர்கள். ஆல்ப்ஸ் மலை ஏரிகளின் பிளாங்டோத்ரிக்ஸில், கொத்தின் நடுவே டிரான்ஸ்போசான் (இடம் தாவும் டிஎன்ஏ துண்டு) புகுந்தோ ஒரு துண்டு அறுபட்டோ நச்சே செய்யாத விகாரங்கள் பல கிடைத்துள்ளன. ஆறு ராட்சத நொதிகளில் எது நின்றாலும் மாலை முழுமையாகாது. உங்கள் பிரைமர் பார்ப்பதோ 55 ஆயிரத்தில் 472 காரங்களை. மறுபக்கம், பட்டை வராததும் ஆதாரமல்ல. மைக்ரோசிஸ்டிஸ் கூட்டங்களைச் சுற்றியுள்ள சளி பிசிஆரைத் தடுக்கும். டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து இன்னொருமுறை ஓட்டிப் பாருங்கள்.

நச்சை நேரடியாக அளப்பவர்களுக்குச் சில குறிப்புகள். ஆரோக்கியமான செல்களில் நச்சின் பெரும்பங்கு உள்ளேதான் இருக்கும். வடிகட்டிய நீரை மட்டும் அளந்தால் குறைவாகவே காட்டும். உறையவைத்து உருக்குவதை மூன்று முறை செய்து, 75 சதவீத மெத்தனாலில் பிரித்தெடுங்கள். நீர்க் கரைசலைப் பாலிபுரொப்பிலீன் குழாயில் வைக்காதீர்கள், சுவரில் ஒட்டிக்கொண்டு அளவு குறையும், கண்ணாடியே நல்லது. கலவையைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவியில் 238 நானோமீட்டரில் பாருங்கள். அட்டாவின் இரண்டு இரட்டைப் பிணைப்புகளும் அங்கேதான் ஒளியை உறிஞ்சும்; எம்சிஒய்-டி-யின் நீர் நீக்கும் டொமைன்கள் செய்த வேலையையே அங்கே அளக்கிறீர்கள். அட்டாவைப் பிடிக்கும் எதிர்ப்பொருள் கொண்ட எலைசா விரைவானது, ஆனால் உடைந்த துண்டில் அட்டா இருந்தாலும் கணக்கில் சேர்த்துவிடும். குளோரின் போட்ட நீரில் எலைசாவும் நிறைமாலைமானியும் வேறுபட்ட எண் தந்தால் முதலில் இதை நினையுங்கள்.

படர்ந்த பாசியைக் காப்பர் சல்பேட் தெளித்துக் கொல்லும் பழக்கம் இன்னும் இருக்கிறது. குடிநீர் எடுக்கும் இடத்தில் அது ஆபத்து. செல் உடைந்தால் உள்ளே இருந்ததெல்லாம் நீரில் கரையும், வடிகட்டியில் சிக்காது. முதலில் முழுச் செல்லாகப் பிரித்தெடுக்க வேண்டும். கரைந்ததற்குச் செயலூட்டிய கரியும், அமில-கார எண்ணை (பிஎச்) 8-க்குக் கீழே வைத்து 30 நிமிடத் தொடர்புக்குப் பிறகும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் எஞ்சும்படியான குளோரினும் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் நெடுநாள் குடிநீருக்கு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்றும், குறுகிய காலத்துக்கு 12 மைக்ரோகிராம் என்றும் வரம்பு சொல்கிறது. இந்த எண்கள் ஏன் இவ்வளவு சிறியவை என்பதற்கு 1996-இல் பிரேசிலின் கருவாரு நகரம் சாட்சி. டயாலிசிஸ் நீரில் கலந்து நேரே ரத்தத்தில் சேர்ந்த இந்த நச்சால் 100 பேருக்குக் கல்லீரல் செயலிழந்தது, 52 மரணங்கள் இதன் கணக்கில் எழுதப்பட்டன. கல்லீரல் செல்கள் பித்த உப்புகளை உள்ளிழுக்கும் கடத்திகளாலேயே இதையும் உள்ளிழுக்கின்றன. உள்ளே அட்டா, புரதங்களிலிருந்து பாஸ்பேட்டை நீக்கும் பாஸ்படேஸ் நொதியின் பள்ளத்தில் போய் அடைத்துக்கொள்ளும். மெத்தில்-டீஹைட்ரோ-அலனினின் இரட்டைப் பிணைப்பு அங்குள்ள சிஸ்டீனோடு நிரந்தரமாக ஒட்டும்.

இயற்கையில் இதை அவிழ்க்கும் உயிர்களும் உண்டு. ஸ்பிங்கோமோனாஸ் வகை பாக்டீரியா ஒன்றை ஆஸ்திரேலியாவில் பிரித்தெடுத்து 1996-இல் அதன் நொதிகளை விவரித்தார்கள். எம்எல்ஆர்-ஏ என்ற அந்த முதல் நொதி வளையத்தை ஒரே இடத்தில் வெட்டும்: அட்டாவுக்கும் ஆர்ஜினினுக்கும் நடுவில். எம்சிஒய்-சி-யின் தயோஎஸ்டரேஸ் கடைசியாகப் போட்ட அதே முடிச்சு. ஏழு மணிகளும் அப்படியே இருக்க, வளையம் மட்டும் நீண்ட சங்கிலியாகிறது. பாஸ்படேஸைத் தடுக்கும் திறன் ஏறத்தாழ 160-இல் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது.